பந்து மூஞ்சிக்கு வருதா, பக்கத்துல போகுதா? கண்ணு எப்படிக் கண்டுபிடிக்குது?

கேள்வி: சார், யாராச்சும் பந்தை நம்ம பக்கம் எறிஞ்சா அது நேரா மூஞ்சிக்கு வருதா, இல்ல தாண்டிப் போயிடுமான்னு டக்குனு தெரிஞ்சிடுது. ரெண்டு கண்ணு இருக்கறதாலதான்னு சொல்றாங்க. அப்ப ஒரு கண்ணுல பார்வை இல்லாதவங்களுக்கு இது தெரியாதா?

பதில்: தெரியும். பந்து கிட்ட வர வர அதோட உருவம் விழித்திரையில பெருசாகிட்டே போகுதுல்ல, அது எவ்ளோ வேகமா பெருசாகுதுங்கறத வச்சே இன்னும் எவ்ளோ நேரத்துல வந்து மோதும்னு ஒத்தக் கண்ணாலயே கணிச்சிட முடியும். ஆனா பொருள் சின்னதா இருந்தா இந்த பெருசாகறது கண்ணுக்கு அவ்வளவா பிடிபடாது, அங்கதான் ரெண்டாவது கண்ணு பெரிய உதவி.

நம்ம கண்ணு ரெண்டுக்கும் நடுவுல சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கு, அதனால ரெண்டுலயும் விழற படம் கொஞ்சம் வேற வேற. பொருள் கிட்ட வந்தா அந்த வித்தியாசம் கூடும், தள்ளிப் போனா குறையும், இந்த மாற்றத்தை மூளை கவனிக்குது. இது ஒரு வழி. இன்னொண்ணுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ரெண்டு கண்ணுலயும் படம் நகர்ற வேகத்தை மூளை ஒப்பிட்டுப் பாக்கறது. ஒரு பேனாவை கை நீட்டிப் பிடிச்சு மூக்கை நோக்கி மெதுவா கொண்டு வாங்க, முதல்ல இடது கண்ண மூடி ஒரு தடவை, அப்புறம் வலது கண்ண மூடி ஒரு தடவை. தூரத்துல இருக்கற சுவரோட ஒப்பிட்டா வலது கண்ணுக்கு பேனா இடப்பக்கம் நகரும், இடது கண்ணுக்கு வலப்பக்கம் நகரும். இப்படி எதிரெதிரா நகர்ந்தா அது நேரா நம்மகிட்டயே வருதுன்னு அர்த்தம். ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கமா, ஆனா வேற வேற வேகத்துல நகர்ந்தா அது தலைக்குப் பக்கத்துல தாண்டிப் போயிடும்.

நிக்கிற பொருளோட ஆழம், அதாவது அது எவ்ளோ தூரத்துல இருக்குங்கறது தெரியறதும், அது ஆழத்துல, அதாவது நம்மள நோக்கியோ விலகியோ நகர்றது தெரியறதும் ஒண்ணு இல்லீங்க. சிலருக்கு பார்வைப் பரப்புல குறிப்பிட்ட சில இடங்கள்ல முதல்ல சொன்னது நல்லாத் தெரியும், ஆனா முன்னும் பின்னும் நகர்றது மட்டும் தெரியாதுன்னு சோதனைகள்ல பாத்திருக்காங்க. மாறுகண் இருந்து நிக்கிற பொருளோட ஆழம் சரியா தெரியாத சிலருக்கு பொருள் முன்னும் பின்னும் நகர்றது மட்டும் ஓரளவு தெரியுது.

வீட்லயே செஞ்சு பாக்க ஒண்ணு சொல்றேன். ஒரு நூல்ல சின்ன கனமான பொருளைக் கட்டி இடமும் வலமும் ஆட விட்டு, கூலிங் கிளாஸோட ஒரு கண்ணாடியை வலது கண்ணுக்கு மட்டும் வச்சுக்கிட்டு ரெண்டு கண்ணையும் திறந்து பாருங்க. நேர்கோட்டுல ஆடறது நீள்வட்டமா சுத்தற மாதிரி தெரியும், வலப்பக்கம் போறப்ப கிட்ட வரும், திரும்பறப்ப தள்ளிப் போகும். வெளிச்சம் கம்மியான கண்ணுலருந்து சேதி மூளைக்கு கொஞ்சூண்டு லேட்டா போகுது, அவ்ளோதான் காரணம். 1922ல இதை விளக்கி எழுதின ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் புல்ஃபிரிச்சுக்கு ஒரு கண்ணுல பார்வை கிடையாது, அவரால இதை நேர்ல பாக்கவே முடியல!

கண்ணாடி எதுவும் வைக்காமலே இப்படி ஆகறதும் உண்டு. ஒரு கண்ணுல மட்டும் புரை இருந்தாலோ, பார்வை நரம்புல வீக்கம் வந்திருந்தாலோ குறுக்கே போற வண்டி எவ்ளோ தூரத்துல இருக்குன்னு தப்பாத் தெரியலாம். உங்களுக்கு அப்படி ஏதாவது தோணினா தள்ளிப் போடாம கண் டாக்டரைப் பாத்துடுங்க.