சப்-ஜெயில் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

தர்மபுரி மாவட்டத்துச் சிறைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் தேடியும் கிடைக்கவில்லையே?
- பாலக்கோடு வாசகர்

அதில் கிடைக்காது. சிறைகள் பற்றிய அந்த ஆண்டறிக்கை மாநிலவாரியானது. மத்தியச் சிறை, மாவட்டச் சிறை, கிளைச் சிறை (சப்-ஜெயில்) என வகை பிரித்தாலும், நம் மாநிலத்துக் கிளைச் சிறைகள் எல்லாம் ஒரே எண்ணுக்குள் போய்விடும். ஒன்று காலியாகக் கிடக்க, இன்னொன்று பிதுங்கி வழிந்தாலும் சராசரி என்னவோ அழகாகத்தான் இருக்கும். இட நெருக்கடிக் கணக்கும் டிசம்பர் 31 ஒரு நாளின் நிலவரம். மே மாதத்தில் தரையில் நெருக்கியடித்துப் படுத்தவர்கள் அதில் தெரியமாட்டார்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "நிலவரம் என்ன?" என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு, இருந்தவர்கள், அவர்களில் விசாரணைக் கைதிகள், ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே இருப்பவர்கள் எனச் சிறைவாரியாகக் கேளுங்கள். பெயர் வேண்டாம்; எண்ணிக்கை போதும். தனிநபர் தகவல் என்று தட்டிக்கழிக்க முடியாது. கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

தம்பி ரிமாண்டில் இருக்கிறான், உடம்பு சரியில்லை. அதற்கும் 30 நாளா?
- ஓசூர் வாசகி

இல்லை அம்மா. உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தரவேண்டும். மனுவின் தலைப்பிலேயே அதைக் குறிப்பிடுங்கள். ஆனால் காகிதத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். ரிமாண்ட் செய்த நீதிமன்றத்தில் சிகிச்சை கேட்டு மனுப் போடுங்கள். வக்கீல் இல்லையென்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணுக்கு அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது.

சிறை மரணத்தை 'இயற்கை மரணம்' என்று எழுதிவிட்டால் விசாரணை உண்டா?
- ஊத்தங்கரை வாசகர்

உண்டு. 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணையும் நடக்கவேண்டும். புள்ளிவிவரத்தில் நோயால் இறப்பதும் 'இயற்கை'தான். சிகிச்சை தாமதமானதா என்பதை அந்தச் சொல் காட்டாது. அதனால் சிறைக்குள் வந்த அன்று நடந்த உடல் பரிசோதனைப் பதிவு முக்கியம். 2020-ல் இறந்த சாத்தான்குளம் தந்தையும் மகனும் போலீஸ் காவலிலிருந்து கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனவர்கள்தான் என்பதை மறக்கவேண்டாம்.

பாதித் தண்டனைக் காலம் உள்ளேயே கழிந்துவிட்டால் வெளியே விடுவார்களாமே?
- பென்னாகரம் வாசகர்

விசாரணைக் கைதிகளுக்கு அப்படி ஒரு வழி உண்டு. ஆனால் ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்குப் பொருந்தாது. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் சிக்கல். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கே போதும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 479-வது பிரிவின்படி நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. எத்தனை பேருக்கு விண்ணப்பித்தார் என்ற எண்ணிக்கையையும் கேட்டு வாங்கலாம்.