பெட்ரோல் டேங்குக்குள் கை வைக்கலாமா? கார் கேள்வி-பதில்

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் வாங்கிப் பல வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாகக் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. போன வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது, கொஞ்ச நேரம் விட்டதும் தானாகச் சரியானது. ஃப்யூயல் பம்ப் போய்விட்டது என்கிறார்கள். நானே வீட்டில் மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: மாற்றலாம், வேலை ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஆனால் போனது பம்ப்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் பாதியைத் தேய்ந்துபோன ரிலேவும் (பம்புக்குக் கரண்ட் விடும் மின் ஸ்விட்ச்) காட்டும், சூடானதும் படுத்துக்கொள்ளும் கிராங்க் சென்சாரும் (இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார்) காட்டும்.

செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிவிட்டுப் பின் சீட் பக்கம் காதைக் கொடுங்கள், அதற்கு அடியில் இருக்கும் டேங்குக்குள்தான் பம்ப் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் இரண்டு நொடி மெல்ல முனகிவிட்டு நிற்கும். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸைப் பாருங்கள், அப்புறம் ரிலே. அதே பெட்டியில் ஹார்னுக்கும் அதே நம்பர் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம், செலவே இல்லாத சோதனை. அதுவும் சரியென்றால் டேங்க் மேல் இருக்கும் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லி, அந்த இரண்டு நொடியில் பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் காட்டுகிறதா என்று பாருங்கள். வோல்டேஜும் எர்த்தும் சரியாக வந்தும் மோட்டார் அசையவில்லையென்றால் பம்பின் கதை முடிந்தது. வோல்டேஜே வரவில்லையென்றால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது, புது பம்ப் வாங்கிப் போட்டாலும் வண்டி அப்படியேதான் நிற்கும்.

காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது என்கிறீர்களே, அதற்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை மூன்று நான்கு தடவை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். பிறகு சட்டென்று ஸ்டார்ட் ஆனால், இரவில் குழாயில் பெட்ரோல் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்புக்குள் இருக்கும் செக் வால்வு (பெட்ரோல் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) பிடிக்காததுதான் இதற்கு வழக்கமான காரணம். இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே தொல்லை வரும் என்பதால் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பது நல்லது. சாதாரண இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் 3 முதல் 4 பார் வரை இருக்கும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பதை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்ரோலுக்குள்ளேயே மின்சார மோட்டார் சுற்றுகிறது, அதில் பொறி வராதா? எப்படித் தீப்பிடிக்காமல் இருக்கிறது?

பதில்: பொறி வரும், கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்தானே. ஆனால் பொறி மட்டும் இருந்தால் போதாது, காற்றும் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும். மூடியிருக்கும் டேங்குக்குள் ஆவி இதைவிட மிக அடர்த்தியாக இருக்கும், போதுமான காற்று இருக்காது. தவிர, மோட்டாருக்குள்ளேயே பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் மோட்டாரைக் குளிர வைக்கிறது, மசகும் அதுதான்.

நீங்கள் டேங்க் மேல் இருக்கும் பம்ப் மூடியைக் கழற்றியதும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. உள்ளே காற்று போகிறது, வெளியே ஆவி வருகிறது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தண்ணீர் போலத் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தங்கும், தூரத்தில் எரியும் விளக்கு வரைகூடப் போய்ச் சேரும். பெட்ரோலை எடுத்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. காலி டேங்க் என்பது ஆவி நிரம்பிய டேங்க், அதை நிறைந்த டேங்கைவிட மரியாதையாக நடத்த வேண்டும்.

கழற்றிய பம்பைத் தரையில் வைத்து பேட்டரி வயரைத் தொட்டு ஓடுகிறதா என்று பார்க்கவே கூடாது என்பதும் இதனால்தான். வயர் தொடும் இடத்தில் பொறி, மோட்டாருக்குள் மிச்சப் பெட்ரோல், சுற்றிலும் காற்று. வேறென்ன வேண்டும்?

கேள்வி: பம்ப்தான் என்று உறுதியாகிவிட்டது, புதிதும் வாங்கிவிட்டேன். எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்? என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். மூடிய ஷெட் வேண்டாம். திறந்தவெளி, நிழல், நாலு கதவும் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் பூஜை விளக்கு, அடுப்பு, கேஸ் ஹீட்டர், வெல்டிங், சிகரெட் எதுவும் கூடாது. பெட்ரோல் தீக்கு ஏற்ற டிரை பவுடர் அணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும். தனியாகச் செய்யாமல் கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரில் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, பருத்தி உடை போட்டுக்கொள்ளுங்கள். செல்போனை வண்டிக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

டேங்கில் கால்வாசிக்கும் கீழே பெட்ரோல் இருப்பது நல்லது. இதற்காக வாயால் குழாய் வைத்து உறிஞ்சும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே ஆஸ்பத்திரிதான். (தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, அப்போதுதான் அது நுரையீரலுக்குள் போகும்.) இரண்டு நாள் வண்டியை ஓட்டியே குறைத்துவிடுங்கள்.

அடுத்தது பிரஷர். பம்ப் ஃப்யூஸையோ ரிலேவையோ கழற்றிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் குழாயில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும். நின்றபின் இன்னும் சில நொடி செல்ஃப் அடியுங்கள். பம்ப் முழுதாகப் போன வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, அதில் குழாயைக் கழற்றும்போது துணியைச் சுற்றிப் பிடித்து மெதுவாக விடுவிக்க வேண்டியதுதான். அப்புறம் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கதவைத் திறந்தால் எரியும் சின்ன உள்விளக்கின் ஸ்விட்சில்கூடப் பொறி உண்டு. டேங்க் திறந்திருக்கும் நேரம் முழுக்க வண்டியில் கரண்டே இருக்கக் கூடாது. வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் எல்இடி விளக்கு போதும். அதையும் டேங்கைத் திறக்கும் முன்பே எரியவிட்டுவிடுங்கள். பல்பு வைத்த கை விளக்கு வேண்டாம், அது கீழே விழுந்து உடைந்தால் உள்ளே தகிக்கும் கம்பி ஒன்றே தீப்பற்றப் போதும்.

பின் சீட்டைத் தூக்கி, தகட்டைக் கழற்றினால் டேங்கின் மேல்பக்கம் தெரியும். அங்கே மண்ணும் தூசியும் அப்பிக் கிடக்கும். பிரஷாலும் ஈரத்துணியாலும் பொறுமையாகத் துடையுங்கள். உள்ளே விழும் ஒவ்வொரு துகளும் புது பம்பின் வடிகட்டும் வலையில்தான் போய் அடைக்கும். வாக்வம் கிளீனரை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், அது ஆவியை உறிஞ்சி நேராகப் பொறி வரும் மோட்டார் வழியாகத்தான் அனுப்பும்.

கனெக்டரைக் கழற்றியதும் அதன் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகியிருந்தால் அந்தக் கனெக்டரையும் மாற்றுங்கள். குழாயின் கிளிப்பை முதலில் உள்பக்கம் கொஞ்சம் தள்ளி, காதுகளை அழுத்தி, பிறகு இழுங்கள். முரட்டுத்தனமாக இழுத்தால் உடைவது மூடியோடு சேர்ந்த பிளாஸ்டிக் மூக்கு.

பம்ப் மூடியை இறுக்கிப் பிடித்திருக்கும் லாக் ரிங்கைத் திருப்ப அதற்கான டூல் கிடைத்தால் உத்தமம். இல்லையென்றால் கட்டையை வைத்துச் சுற்றிலும் மாறி மாறித் தட்டுங்கள். இரும்பு உளியும் சுத்தியலும் இங்கே வேண்டாம். ரிங் கழன்றதும் பம்பைச் சரக்கென்று இழுத்துவிடாதீர்கள். மெல்லத் தூக்கி, பெட்ரோல் மட்டத்துக்கு மேல் வந்ததும் சற்றுச் சாய்த்து, அடிக் கிண்ணத்தில் தேங்கியிருப்பது உள்ளேயே வடியும்வரை பொறுத்திருங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மிதவைக் கம்பியை வளையாமல் திருப்பித் திருப்பித்தான் வெளியே எடுக்க வேண்டும். புதிதை இறக்கும்போதும் அப்படியேதான், அது வளைந்தால் பெட்ரோல் முள் பொய் சொல்லும். பம்ப் வெளியே வந்ததும் ஓட்டையைச் சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள்.

புதிதை வைக்கும்போது ஓ-ரிங்கும் (மூடிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) புதிதாக இருக்கட்டும். மூடியிலும் டேங்கிலும் இருக்கும் அம்புக்குறிகள் நேருக்கு நேர் வர வேண்டும். ரிங்கை மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள், குழாய்கள் 'டிக்' என்று உட்கார்ந்தபின் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். வாடை போன பிறகுதான் பேட்டரி. கழற்றிய ஃப்யூஸைத் திரும்பப் போட்டு, நாலைந்து தடவை சாவியை ஆன் செய்து பிரஷர் ஏற்றிக் கசிவு பாருங்கள், அப்புறம் ஸ்டார்ட். நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

கேள்வி: பம்ப் மாற்றியதிலிருந்து டேங்க் நிரப்பினால் மட்டும் காருக்குள் பெட்ரோல் வாடை வருகிறது. பாதி காலியானதும் போய்விடுகிறது. சிலிகான் பேஸ்ட் தடவி அடைத்துவிடலாமா?

பதில்: கூடாது. சாதாரண சிலிகான் பெட்ரோலில் ஊறி இளகி, துண்டு துண்டாக டேங்குக்குள் போகும். உங்களுக்குப் பெரும்பாலும் பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். பெட்ரோல் பட்ட ரப்பர் உப்பிவிடும், கழற்றியபின் அதே பள்ளத்தில் ஒழுங்காக உட்காராது. பெட்ரோல் மட்டம் மூடி வரை வரும்போதுதான் கசிவு தெரிகிறது. சரி செய்யும்வரை டேங்கை நிரப்பாதீர்கள். இந்த வாடை தலைவலியோடு நிற்கும் விஷயம் இல்லை, உடனே கவனியுங்கள்.

கேள்வி: புது பம்ப் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, மறுபடியும் போய்விட்டது. போலியா?

பதில்: இருக்கலாம், ஆனால் பழியை எப்போதும் பம்ப் மேலேயே போடவும் முடியாது. டேங்க் அடியில் துருவும் சேறும் இருந்து, அதைச் சுத்தம் செய்யாமல் புதிதை இறக்கியிருந்தால் வலை அடைத்து மோட்டார் திணறிச் சாகும். ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுவது இன்னொரு காரணம், குளிர வைக்க வேண்டிய பெட்ரோலே அங்கே இருக்காது. முழு யூனிட்டுக்குப் பதிலாக மோட்டாரை மட்டும் மாற்றியிருந்தால் உள்ளே என்ன குழாய் போட்டார்கள் என்றும் கேளுங்கள். டேங்குக்குள் முங்கியே கிடப்பதற்கென்று தனி ரகக் குழாய் இருக்கிறது. சாதாரண பெட்ரோல் குழாய் உள்பக்கத்தைத்தான் தாங்கும், வெளிப்பக்கம் ஊறி வெடித்துவிடும். அப்போது பம்ப் நன்றாக ஓடினாலும் இன்ஜினுக்கு பிரஷர் போகாது, பார்ப்பவர்கள் பம்ப் போய்விட்டது என்பார்கள்.

கேள்வி: என் காரில் சீட்டுக்கு அடியில் ஓட்டையே இல்லை, டேங்கை இறக்க வேண்டுமாம். அதற்குப் பதில் தகட்டை கிரைண்டரால் வெட்டித் திறந்துவிட்டால் என்ன?

பதில்: டேங்க் உள்ளே இருக்கும்போது அதற்கு மேலே கிரைண்டரா? பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தகட்டுக்கு அடியில் பெட்ரோல் குழாயும் வயரும் போகும், சில மாடல்களில் பிரேக் லைனும் போகும். டேங்கை இறக்குவதும் ஜாக்கியை மட்டும் நம்பிச் செய்கிற வேலை இல்லை. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ, 30 லிட்டர் மிச்சமிருந்தாலே இருபத்திரண்டு கிலோவுக்கு மேல். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தளும்பும் அந்தக் கனத்தை நெஞ்சுக்கு மேல் தாங்க வேண்டியிருக்கும். லிஃப்ட் இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது புது ஓ-ரிங் வாங்கித் தந்து, பழையதைத் திருப்பிக் கேளுங்கள்.