கத்தார் குடியிருப்பு அட்டையோடு சவுதி எல்லையைக் கடக்க முடியுமா?

கேள்வி: தோஹாவில் வேலை பார்க்கிறேன். தம்பி சவுதியின் தம்மாம் நகரில் இருக்கிறான். ஆறு வளைகுடா நாடுகளும் ஜிசிசி (வளைகுடா ஒத்துழைப்பு மன்றம்) என்ற ஒரே அமைப்பில் இருப்பதால், கத்தார் குடியிருப்பு அட்டையை மட்டும் காட்டி சல்வா எல்லை வழியாகக் காரில் போய்வரலாமா?

பதில்: முடியாது. அடையாள அட்டையைக் காட்டிக் கடக்கும் உரிமை அந்த ஆறு நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே. எத்தனை ஆண்டு அங்கே உழைத்திருந்தாலும் நமக்கு அது இல்லை.

ஆனால் வேறு வழி இருக்கிறது. வளைகுடாவில் வசிக்கும் வெளிநாட்டவர் எந்தத் தொழிலில் இருந்தாலும், 2023 முதல் சவுதி இணையவழிச் சுற்றுலா விசா தருகிறது. குடியிருப்பு அட்டை மூன்று மாதமாவது, பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். தம்பியைப் பார்க்கலாம், உம்ரா (ஹஜ் காலத்துக்கு வெளியேயும் செய்யக்கூடிய மெக்கா பயணம்) செய்யலாம். ஹஜ் கூடாது, வேலையும் கூடாது. காருக்குச் சவுதியில் செல்லுபடியாகும் காப்பீடு தனியாக வேண்டும்.

ஒரே அமைப்பு என்பதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். 1981 மே மாதம் அபுதாபியில் ஆறு மன்னர் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கியது அது. முக்கிய முடிவுகளுக்கு ஒருமித்த சம்மதம் வேண்டும். பொது நாணயத் திட்டத்திலிருந்து ஓமனும் அமீரகமும் விலகியபோது யாராலும் தடுக்க முடியவில்லை.

2017 ஜூன் 5 அன்று சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாருடன் உறவை முறித்தன. கத்தாரின் ஒரே தரைவழியான இதே சல்வா அடைக்கப்பட்டது. தோஹா கடைகளில் பால் வைக்கும் அடுக்குகள் காலியாயின. சவுதியில் மேய்ந்துகொண்டிருந்த கத்தாரிகளின் ஒட்டகங்கள் ஆயிரக்கணக்கில் விரட்டப்பட்டன. கணவன் ஒரு நாடு, மனைவி ஒரு நாடு என்றிருந்த குடும்பங்கள் தவித்ததை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. தகராறுகளைத் தீர்க்க ஜிசிசி சாசனத்திலேயே ஒரு குழுவுக்கு இடம் உண்டு. அதை யாரும் கூட்டவில்லை. சமரசம் பேச ஜித்தா, துபாய், தோஹா என்று அலைந்தவர், எண்பதைத் தாண்டிய குவைத் மன்னர் ஷேக் சபாதான். 2021 ஜனவரி 5 அன்று சவுதியின் அல்உலா நகரில் உடன்பாடு கையெழுத்தாகி எல்லை திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.

ஆறு நாடுகளுக்கும் பொதுவான சுற்றுலா விசாவுக்கு 2023 நவம்பரில் மஸ்கட்டில் உள்துறை அமைச்சர்கள் ஒப்புதல் அளித்தார்கள். அதற்காகக் காத்திருந்து தம்பியைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். சவுதி விசாவுக்கு விண்ணப்பியுங்கள்; கிளம்பும் நாளுக்கு முன்பு விதிகளை அவர்களது அரசு இணையதளத்தில் இன்னொரு முறை பாருங்கள்.