தொண்ணூறு சதவீதமா, எதில்? – வாசகர் கேள்வி பதில்

*பினாங்கு, பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் ஆய்விதழ்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.*

கேள்வி: என் மகளுக்கு இங்கிலாந்தில் உயிரியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஏஜெண்ட் கொடுத்த கையேட்டில், “எங்கள் ஆராய்ச்சியில் 90 சதவீதம் உலகத் தரம்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நம்பலாமா? – ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: நம்பலாம் அம்மா, பிரமிக்கத்தான் வேண்டாம்.

பிரிட்டனில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியையும் எடைபோடுகிறார்கள். 1986-இல் தொடங்கிய வழக்கம் இது. இப்போது அதற்கு ஆர்.இ.எஃப். (ரிசர்ச் எக்ஸலன்ஸ் ஃபிரேம்வொர்க்) என்று பெயர். அரசு நிதியில் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி பவுண்டு இதை வைத்துத்தான் பங்கிடப்படுகிறது என்பதால், துணைவேந்தர்களுக்குத் தூக்கம் வராத காலம் அது. கடந்த சுற்றான 2021 மதிப்பீட்டின் முடிவுகள் 2022 மே மாதம் வெளிவந்தன. 157 நிறுவனங்கள் 34 பாடப் பிரிவுகளில் ஒரு லட்சத்து எண்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வு வெளியீடுகளை அனுப்பியிருந்தன. அந்தந்தத் துறை அறிஞர்கள் குழுவாக அமர்ந்து நட்சத்திரம் வழங்கினார்கள். நான்கு நட்சத்திரம் என்றால் உலகின் முன்னணி ஆய்வு. மூன்று என்றால் சர்வதேச அளவில் மிகச் சிறந்தது.

கையேடு தயாரிப்பவர்கள் இந்த இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டுவிடுவார்கள். நாடு முழுவதற்கும் அப்படிக் கூட்டினாலே நான்கு நட்சத்திரம் 41 சதவீதமும் மூன்று நட்சத்திரம் 43 சதவீதமும் சேர்ந்து 84 வந்துவிடுகிறது! வகுப்புச் சராசரியே 84 என்னும்போது 90 வாங்கிய பிள்ளைக்குக் கை தட்டலாம், மேளதாளம் தேவையில்லை.

எனவே நான்கு நட்சத்திரத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். அதையும் பல்கலைக்கழகம் முழுமைக்கும் பார்க்காமல், உயிரியல் பிரிவுக்குப் பாருங்கள். முடிவுகள் எல்லாம் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன, ஏஜெண்டின் தயவு வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த மதிப்பெண்ணில் ஆய்வு வெளியீடுகளுக்கு 60 சதவீதம், ஆய்வினால் வெளியுலகுக்குக் கிடைத்த பயனுக்கு 25, ஆய்வுச் சூழலுக்கு 15. பாடம் நடத்தும் திறமைக்கு ஒன்றுமே இல்லை. நட்சத்திரம் வாங்கிய பேராசிரியரை உங்கள் மகள் முதலாண்டு ஆய்வுக்கூட வகுப்பில் பார்ப்பாளா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதை எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: எனக்குத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவர் ஆண்டுக்கு இருபது கட்டுரைகள் வெளியிடுகிறார். பிரிட்டிஷ் பேராசிரியர்கள் பலர் அவ்வளவு எழுதுவதில்லையே? – வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: அங்கேயும் எழுதிக் குவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2021 மதிப்பீட்டில் ஏழு ஆண்டுக்காலத்துக்கு ஒருவர் பெயரில் அதிகபட்சம் ஐந்து படைப்புகள்தான் கணக்கில் சேரும். துறைக்குச் சராசரியாக ஆளுக்கு இரண்டரை. ஆகவே இருபதை நூறாக்கினாலும் பயனில்லை. கட்டுரை வெளிவந்த இதழின் ‘தாக்கக் குறியீட்டை’ (அந்த இதழின் கட்டுரைகளைப் பிறர் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்ணை) வைத்து மதிப்பெண் போடவும் கூடாது. கட்டுரையின் தரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி.

அப்படியும் அந்த முறை எல்லோருக்கும் நியாயம் செய்துவிடவில்லை. எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் அவர் எழுதிய இரண்டு சிறு கட்டுரைகளில் இரண்டாவதை ஓர் ஐரோப்பிய இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. ஒரு பத்தியைச் சேர்த்து அமெரிக்க இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அதே ஆண்டில் அச்சேறியது. அதன் பிறகு அவர் வெளியிட்டவை பத்துக்கும் குறைவு. அண்மையில் வெளியான கட்டுரைகளின் பட்டியல் கேட்டுத் துறையிலிருந்து சுற்றறிக்கை வரும்போதெல்லாம் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி அனுப்புவாராம். மதிப்பீட்டுக் காலங்களில் துறைக்கே தர்மசங்கடம். 2012-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், 1964-இல் அவர் கணித்திருந்த ‘ஹிக்ஸ் போசான்’ என்ற துகள் பிடிபட்டது. 2013-இல் நோபல் பரிசு. இன்றைய நிலையில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைக்காது என்று அவரே அப்போது சொன்னார். உங்கள் விரிவுரையாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த இருபதில் அவருக்கே மறுபடி படிக்கத் தோன்றுவது எது?

கேள்வி: இயற்பியல் கட்டுரை ஒன்றைத் திறந்தால் நாற்பது டாலர் கேட்கிறார்கள். ஐயா, மாணவன் எங்கே போவேன்? – மாணவர், கெலுகோர்

பதில்: பணம் கட்டாதே, தம்பி. பிரிட்டனில் 2016 ஏப்ரல் முதல், மதிப்பீட்டுக்கு அனுப்பவேண்டிய ஆய்விதழ்க் கட்டுரையை ஆசிரியர் தம் பல்கலைக்கழகத்தின் மின்களஞ்சியத்தில் சேர்த்தாக வேண்டும். சவுதாம்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஈபிரிண்ட்ஸ் என்ற மென்பொருளில்தான் பல களஞ்சியங்கள் இயங்குகின்றன. கட்டுரைத் தலைப்பையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சேர்த்துத் தேடு. பல களஞ்சியங்களை ஒரே இடத்தில் துழாவ, பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் (ஓப்பன் யுனிவர்சிட்டி) நடத்தும் ‘கோர்’ தளம் இருக்கிறது.

கிடைக்கும் பிரதி அழகாக இருக்காது. இரண்டு பத்தி அச்சமைப்பு இருக்காது. வரிகளுக்கிடையே அகல இடைவெளி, ஓரத்தில் வரி எண்கள், படங்கள் எல்லாம் கடைசிப் பக்கங்களில் குவியலாக. அதைப் பார்த்து ஓடிவிடாதே. நடுவர்கள் (இதழுக்காகக் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லும் அதே துறை அறிஞர்கள்) கேட்ட திருத்தங்கள் எல்லாம் முடிந்து ஏற்கப்பட்ட பிரதி அது. இதழின் ஒப்பனை மட்டும்தான் இல்லை. உன் கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது அச்சான பதிப்பின் டி.ஓ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான அடையாள எண்) கொடு. சில கட்டுரைகள் மாதக்கணக்கில் பூட்டியிருக்கும். அப்போது ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடு. தம் கட்டுரையை எங்கோ பினாங்கில் ஒரு பையன் படிக்கிறான் என்றால் பெரும்பாலோர் மகிழ்ந்தே அனுப்புவார்கள்.

கேள்வி: சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் நோபல் பரிசு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துடையதுதானே? – வாசகர், கோலாலம்பூர்

பதில்: ஊர் கேம்பிரிட்ஜ்தான். அவர் பணியாற்றியது மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில். அது பல்கலைக்கழகத் துறை அன்று. அவர் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவும்கூட (கல்லூரி அவை உறுப்பினர்) என்பதால் இரு தரப்பும் உரிமை கொண்டாடலாம். சிதம்பரத்துக்காரர்கள் எப்படியும் கொண்டாடிவிட்டார்கள்.

கேள்வி: என் தம்பி மகன் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறான். ‘லண்டன்’ என்று பெயர் கொண்ட ஓர் இதழ், 1,500 ரிங்கிட் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரையை வெளியிடுவதாகச் சொல்கிறது. கட்டலாமா? – வாசகர், சுங்கைப்பட்டாணி

பதில்: கட்டணம் கேட்பதாலேயே மோசடி என்று சொல்லிவிட முடியாது. எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரையைத் திறந்துவைக்க, ‘நேச்சர்’ இதழே 2020-இல் 9,500 யூரோ என்று அறிவித்தது. என்னை உறுத்துவது அந்த ஒரு வாரம்தான். கட்டுரையை நடுவர்களுக்கு அனுப்பி, அவர்கள் படித்து, குறை சொல்லி, பையன் திருத்தி, மறுபடி அவர்கள் பார்க்க மாதங்கள் ஆகும். ஒரு வாரத்தில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆசிரியர் குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியர் ஒருவரின் பல்கலைக்கழக முகவரிக்கு எழுதி, அந்த இதழில் அவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும்வரை 1,500 ரிங்கிட் பையனின் கணக்கிலேயே இருக்கட்டும்.