குளத்தங்கரை கடல்மட்டத்திற்குக் கீழேயா?

கேள்வி: பாளையங்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர்க் குளத்தின் மறுகால் (நிரம்பி மிஞ்சும் நீர் வழியும் இடம்) மட்டத்தை அறிவதற்காக, இஸ்ரோவின் ‘புவன்’ தளத்திலிருந்து கார்ட்டோசாட் உயர மாதிரியை, அதாவது அந்தச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து இடத்துக்கு இடம் நில உயரத்தைக் கணித்துத் தரும் எண்வழி வரைபடத்தை, இறக்கிப் பார்த்தேன். கரை மைனஸ் 45 மீட்டர் என்கிறது. துல்லியம் 8 மீட்டர் என்கிறார்களே, இதை எப்படி நம்புவது?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: உங்கள் குளம் கடலுக்குள் இறங்கிவிடவில்லை. அந்த மாதிரி உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடாமல், பூமிக்கு ஈடாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும், டபிள்யூஜிஎஸ் 84 எனப்படும் சீரான நீள்கோள வடிவத்திலிருந்து கணக்கிடுகிறது. இந்தியப் பெருங்கடலின் இப்பகுதியில் ஈர்ப்புவிசை குறைவாக இருப்பதால், நம் பக்கத்துக் கடல்மட்டம் அந்த வடிவத்திற்கு 90 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கூட்டினால் கரை ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்திற்கு வந்துவிடும். இதைச் சரிசெய்யாமல் துல்லியம் பார்ப்பது, கோட்டைக் கணக்கில் அளந்த நெல்லை மூட்டைக் கணக்கில் எழுதிவைப்பது போலத்தான்.

இனி அந்த 8 மீட்டர். சோதித்த நூறு இடங்களில் தொண்ணூறில் பிழை அதற்குள் அடங்கும் என்பதே அதன் பொருள். மீதிப் பத்துக்கு எந்த உறுதியும் இல்லை. 2005 மே 5 அன்று ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1, முன்னோக்கி 26 பாகையும் பின்னோக்கி 5 பாகையும் சாய்ந்த இரு கேமராக்களால் ஒரே நிலத்தை அடுத்தடுத்துப் படமெடுத்தது. இரு படங்களிலும் ஒரே புள்ளியை அடையாளம் காண்பதில் 2.5 மீட்டர் அளவுள்ள ஒரு படப்புள்ளி பிசகினால், உயரத்தில் ஏறத்தாழ 4 மீட்டர் பிசகும். அலையாடும் குளத்து நீரிலும், ஒரே நிறமாகப் பரந்து கிடக்கும் தேரி மணலிலும் பற்றிக்கொள்ள அடையாளமே இல்லாததால் பிசகு இன்னும் கூடும். பொதிகைச் சரிவில் கதை வேறு: 45 பாகைச் சரிவில் படம் 10 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால், உயரமும் 10 மீட்டர் தவறும். அதே நகர்வு வயற்காட்டில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே மலைக்கும் வயலுக்கும் சேர்த்து ஒரே எண் சொல்வதை நான் ஏற்பதில்லை.

நீங்களே சோதிக்கலாம். மாதிரியைச் செய்யும்போது பயன்படுத்தாத, உயரம் திட்டமாகத் தெரிந்த வெட்டவெளி இடங்களைத் தேர்ந்தெடுங்கள். நான்கு இடங்களில் வேறுபாடு +3, –2, +4, –1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1 மீட்டர்தான். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்டால் 2.7 மீட்டர் வரும். அதுவே உண்மையான பிழையளவு. நான்கு போதாது, இருபது முப்பதாவது வேண்டும். பனங்கூட்டத்திலும் வாழைத்தோட்டத்திலும் புள்ளி வைக்காதீர்கள். கேமரா கண்டது மரத்தலையை, தரையையன்று.

உங்கள் மறுகாலுக்கு இது உதவாது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரம் தரும் மாதிரியில் குறுகிய கரையே மழுங்கிப்போகும். மறுகாலிலோ அரையடி வித்தியாசம் கீழ்வயலை மூழ்கடிக்கும். நீர்ப்பிடிப்புப் பரப்பின் வாட்டம் பார்க்க மாதிரியை வைத்துக்கொண்டு, மறுகாலுக்கு லெவல் கருவியோடு ஒரு சர்வேயரை அழையுங்கள்.