விமர்சனம் கதைச்சுருக்கமாகிவிடுகிறதா?

‘பொன்மணி’ என்ற இலங்கைத் தமிழ்ப் படத்தைப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால் வெறும் கதைச்சுருக்கம்தான் வருகிறது என்கிறீர்கள். எனக்கும் முன்பு அப்படித்தான். பிறகு, கொழும்பு வெள்ளவத்தை சவோய் தியேட்டரில் படம் முடிந்ததும், காலி வீதி பஸ்ஸிலேயே மனதை விட்டுப் போகாத ஒரு காட்சியை மட்டும் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். யார் எங்கே நின்றார்கள், என்ன சத்தம் கேட்டது, எனக்கு ஏன் தொண்டை அடைத்தது. விமர்சனம் அதிலிருந்துதான் வளர்ந்தது.

கதைக்கு இரண்டு வரி போதும்: யாழ்ப்பாணம், சீதனம், சாதி. ஆனால் 1977இல் இந்தத் தமிழ்ப் படத்தை எடுத்தவர் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜா என்பதை விட்டுவிடாதீர்கள். நம் வீட்டு முற்றத்தை அவர் இவ்வளவு நெருங்கிப் பார்த்தது எனக்கு இன்றும் வியப்பு. உங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சு ஏதும் நினைவுக்கு வந்திருந்தால், சரி, அங்கேயே தொடங்குங்கள். மற்றவர்கள் எழுதியதை அப்புறம் படிக்கலாம்.