பழைய ஆலை நிலம்: சுத்தம் செய்யும் செலவு யார் தலையில்? – கேள்வி பதில்

கேள்வி (வாணியம்பாடி): மூடிக்கிடக்கும் தோல் ஷெட், 3 ஏக்கர், மலிவாக வருகிறது. வில்லங்கம் 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, சுத்தம். வாங்கலாமா சார்?

பதில்: வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும், மண் தெரியாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணைகள், வருடாவருடம் ஜூன் 30க்குள் ஆலை வாரியத்துக்குத் தரவேண்டிய படிவம் 4, அபாயக் கழிவு லாரியில் போனதற்கான படிவம் 10. படிவம் 4இல் உண்டான கழிவிலிருந்து படிவம் 10இல் வெளியே போனதைக் கழியுங்கள். மிச்சம் நிற்கும் டன்னுக்கு விற்பவரிடம் கணக்குக் கேளுங்கள். கணக்கு இல்லையென்றால் அது காம்பவுண்டுக்குள்ளேயே புதைந்திருக்கலாம். காகிதம் தர மறுத்தால் வாரியத்துக்கு ஆர்.டி.ஐ. போடுங்கள்.

அடுத்தது மண். விற்பதற்கு முன் ஒரு அடி கிராவல் கொட்டி நிரவிவிட்டால் மேலே எதுவும் தெரியாது. மேல்மண்ணை நாலு இடத்தில் அள்ளி ஒன்றாகக் கலந்து ஒரே சாம்பிளாகக் கொடுப்பது பணத்துக்குக் கேடு. பழைய டிரம் அடுக்கிய இடம், கழிவுநீர்த் தொட்டி, சுண்ணாம்புக் குழி ஆகியவற்றின் ஓரம் துளை போட்டு அரை மீட்டர், ஒன்றரை, மூன்று என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். தண்ணீர் சாம்பிளுக்கு நிலத்தடி நீரோட்டத்தின் மேல்பக்கம் ஒரு கிணறு, கீழ்பக்கம் இரண்டு. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம்தான் இங்கே முக்கியம்: மொத்தக் குரோமியத்தையும், அதில் நச்சு அதிகமான வகையான ஹெக்சாவேலன்ட் குரோமியத்தையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். தண்ணீர் சாம்பிள் ஐஸ் பெட்டியில் அன்றைக்கே ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் ஹெக்சாவேலன்ட் அளவு குறைத்துக் காட்டும்.

கேள்வி (ஆம்பூர்): 'மாசுக்கு விற்பவரே பொறுப்பு' என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் போதாதா?

பதில்: அது உங்கள் இருவருக்குள் மட்டும் செல்லும், வாரியத்தைக் கட்டுப்படுத்தாது. 1986ஆம் வருடச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 5ஆம் பிரிவில் எந்த நபருக்கும் உத்தரவு போடலாம். விற்பவர் தெரிந்தே மறைத்தார் என்றால் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவை வைத்து அவர் மீது நீங்கள் போகலாம். அதற்குள் அந்தக் கம்பெனிக் கணக்கில் பணம் இருக்குமா என்பதுதான் கவலை. ஆகவே கிரயத் தொகையில் ஒரு பகுதியை எஸ்க்ரோவில், அதாவது நிபந்தனை நிறைவேறும்வரை மூன்றாம் நபர் வைத்திருக்கும் கணக்கில், நிறுத்துங்கள், அல்லது வங்கி உத்தரவாதம் வாங்குங்கள்.

கேள்வி (ஈரோடு): வேண்டுமென்று செய்யவில்லை என்று ஆலை சொன்னால்?

பதில்: எடுபடாது. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், 1986 டிசம்பரிலேயே, அபாயகரமான தொழிலுக்கு முழுப் பொறுப்பு, விதிவிலக்கே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உதய்ப்பூர் அருகே பிச்ரி கிராமத்தில் எச் ஆசிட் என்ற சாயத் தொழில் ரசாயனத்தின் கழிவு கிணறுகளைக் கெடுத்தது. சீர்செய்யும் செலவு ஆலைகளுடையது என்று 1996இல் தீர்ப்பு. கட்டாமல் வழக்கு மேல் வழக்காக இழுத்தார்கள். 2011இல் 37.385 கோடி ரூபாயும், 1997 நவம்பரிலிருந்து 12 சதவீதக் கூட்டு வட்டியும் கட்டச் சொன்னது நீதிமன்றம். பதினான்கு வருடத்தில் வட்டி அசலைத் தாண்டிவிடும்.

கேள்வி (கரூர்): வில்லங்கம் சுத்தமாக இருந்தால்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சேலம்): வங்கி ஏலத்தில் எடுத்தால் பழையது எதுவும் ஒட்டாதாமே?

பதில்: ஒட்டும். 'உள்ளது உள்ளபடி' என்று ஏல அறிவிப்பில் இருந்தால் மண்ணும் அதில் அடக்கம்.

குறுக்கீடு (வங்கிப் பணியில் இருப்பவர்): ஐயா, பழைய பாக்கிகள் அற்றுப்போகும் என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வாங்க வருபவர்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: இரண்டைக் கலக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பு திவால் சட்டத்தில் ஒப்புதலான தீர்வுத் திட்டத்துக்கு. அடமானச் சொத்தை வங்கியே விற்கும் சர்ஃபாசி சட்ட ஏலம் வேறு. தீர்வுத் திட்டத்திலும் போவது பழைய கடன். திவால் சட்டத்தின் 32ஏ பிரிவில் கம்பெனி மீதான பழைய குற்ற வழக்கும் போகும். இன்றைக்கும் கசிகிற குழி இன்றைய மாசு. 'நிறுத்து' என்கிற உத்தரவு இப்போது சாவி வைத்திருப்பவருக்குத்தான் வரும்.

குறுக்கீடு: அப்படியானால் சுவாதீனம் எடுத்த வங்கியும் பொறுப்பா?

பதில்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்வதற்கான அமெரிக்க சூப்பர்ஃபண்ட் சட்டத்தில் அடமானம் பிடித்தவருக்குத் தனி விலக்கு எழுதியிருக்கிறார்கள். நம் 1986 சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. வாசலில் நிற்கும் காவலாளி வங்கியின் ஆள் என்றால், மழையில் தொட்டி நிரம்பி வழியும்போது வாரியம் வங்கியைத்தான் கேட்கும். தெரிந்ததை ஏல அறிவிப்பில் எழுதுங்கள். திறந்த தொட்டிகளை மழைக்கு முன் காலி செய்து மூடுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): ஆலையே ஓடிப்போய்விட்டால்? எங்கள் ஊர் குரோமியக் கழிவு மலை அப்படியே நிற்கிறதே.

பதில்: உங்கள் வேதனை நியாயமானது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கொட்டிவிட்டு 1990களில் ஆலை மூடியது. மழை நீர் அதை இன்னும் கரைத்துக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் வந்த மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகளின்படி, சந்தேகத்துக்குரிய இடத்தை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ தெரிவிக்க வேண்டும். தெரிவித்த 90 நாளில் வாரியம் முதல்கட்ட ஆய்வு. மாசுபடுத்தியவர் கிடைத்தால் செலவு அவருடையது, கிடைக்காவிட்டால் மத்திய, மாநில அரசுகளுடையது. ஆனால் சுத்திகரிப்பை முடிக்கக் கெடு எழுதாமல் விட்டது பெரிய ஓட்டை.

கேள்வி (திண்டுக்கல்): பக்கத்து ஆலையால் கிணறு கெட்டு ஆறு வருடம் ஆகிறது. நஷ்டஈடு?

பதில்: பசுமைத் தீர்ப்பாயத்தில் 15ஆம் பிரிவு மனுவுக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருடம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். உங்களுக்குத் தாண்டிவிட்டது போலத் தெரிகிறது. புதிதாகக் கழிவு விட்டிருக்கிறார்களா என்று தேதியோடு பார்த்து வழக்கறிஞரிடம் போங்கள்.

கேள்வி (பல்லாவரம்): பட்டாவும் வில்லங்கமும் சரியாக இருக்கிறது. மண் சோதனை அவசியமா?

பதில்: அவசியம். கையெழுத்துப் போடுவதற்கு முன்.